காசல்ரியா, கிரகரியா, கண்டியா, இல்ல நீர்கொழும்பா? ரெண்டு பேரு மட்டும் சாயங்காலம் போட்ல போறதுக்கு எது தோது

எங்க வீட்டுக்காரருக்கு கொழும்புல வேல, மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு தரம்தான் வீட்டுப் பக்கம் வருவாரு. அந்த மனுசன் ஒரு நா ராத்திரி போன்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தாரு. ஆம்ஸ்டர்டாம் டவுன் கால்வாய்ல ஒரு குட்டி போட், நடுவுல மெழுகுவர்த்தி, ரெண்டு பேரு மட்டும் போர்வைய போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க, பாலத்துக்குக் கீழ பூந்து பூந்து போகுது. கீழ ஒரு வரி, "வெடிங் டேக்கு நாமளும் இப்படி போவமா?" நான் போட்ட பதில், "மொதல்ல பாஸ்போர்ட் எடுங்க."

ஆனா ஆச வந்துருச்சுல்ல. அங்க 100 கிலோமீட்டருக்கு மேல கால்வாய் இருக்காம், 1500 பாலம் மட்டில இருக்காம், பதினேழாம் நூற்றாண்டுல தோண்டின வளையத்த 2010ல யுனெஸ்கோ உலக மரபுரிமையில சேத்திருக்காங்க. நமக்கு மலையில எங்கங்க கால்வாய், நமக்கு இருக்கறது குளமும் டேமும்தான். இருந்தாலும் அட்டன்ல இருந்து ஒரு நாள்ல போய்ட்டு வரக்கூடிய இடம், ஒரு ராத்திரி தங்கணும்னா போகக்கூடிய இடம்னு ரெண்டு வருசத்துல நாலு எடத்துலயும் போட் ஏறிட்டோம், அதனால எழுதுறேன்.

நான் பாக்கற அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான், அது அழகு இல்ல. அழகு எல்லா எடத்துலயும் இருக்கு, நாமதான் அழகுக்குள்ளயே பொறந்து வளந்தவங்களாச்சே. நம்ம ஆக்களுக்கு கெடைக்காதது தனிமைதான். பத்துக்குப் பன்னெண்டு அடி லயத்து காம்பராவுல, அதான் தோட்டத்து வரிச வீட்டு ஒத்த அறையில, மாமா, அத்தை, கொழுந்தன், புள்ளைங்கன்னு இருக்கற வீட்டுல ரெண்டு பேரு ரகசியமா ஒரு வார்த்த பேசணும்னாலே பக்கத்து காம்பராவுக்கு கேக்கும். அதனால "இந்த போட்ல எவ்வளவு நேரம் நாங்க ரெண்டு பேரு மட்டும் இருந்தோம்" அதுக்குத்தான் மார்க்கு.

இன்னொண்ணு, நேரம். அந்த ஆம்ஸ்டர்டாம்ல ஜூன் மாசம் ராத்திரி பத்து மணிக்குத்தான் பொழுது சாயுது, அதனால சாவகாசமா சாப்டுட்டு ஏறலாம். இங்க நவம்பர்ல 5.50 மட்டில, ஜூலையில 6.30 மட்டில, சாஞ்சா இருவது இருவத்தஞ்சு நிமிசத்துல கும்மிருட்டு. அதுலயும் மலை மறைக்கிறதால வெயில் இன்னும் முன்னாடியே போயிரும். மலை நாட்டு போட்காரங்க இருட்டுனா ஓட்ட மாட்டாங்க, லைட் இல்ல, அது நியாயம்தான். ஆக நம்ம "ஈவினிங் குரூஸ்"னா அது நாலரையில இருந்து ஆறு மணிக்குள்ள முடிஞ்சு போற சமாச்சாரம், மெழுகுவர்த்திய மறந்துருங்க.

முதல்ல கிரகரி வாவி, ஏன்னா எல்லாரும் அங்கதான் போவாங்க. நுவரெலியா டவுன விட்டு வெளிய வரவே தேவையில்ல, பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தே போயிரலாம். 1873ல கவர்னர் வில்லியம் கிரகரி காலத்துல சதுப்பா கெடந்த எடத்த தண்ணி தேக்கி வெள்ளக்காரங்க உண்டாக்கினது, அவங்களும் போட் விடத்தான் உண்டாக்கினாங்கன்னா பாத்துக்கோங்க. இப்ப அன்னம் மாதிரி பெடல் போட் இருக்கு, மோட்டர் போட் இருக்கு, ஜெட் ஸ்கீ இருக்கு, கரையில குதிர இருக்கு, அவிச்ச சோளம் இருக்கு. ஏப்ரல் சீசன்ல ஆளுங்களப் பாத்தா தேர்த் திருவிழா தோத்துரும்.

மோட்டர் போட்ல ஏறினோம், டிரைவர் அண்ணன் ஒருத்தரு, அவரு எங்களுக்கு ரொமான்ஸ் வேணும்னு அவரா முடிவு பண்ணி போன் ஸ்பீக்கர்ல பாட்ட போட்டு விட்டாரு, சரியான சத்தம், எஞ்சின் சத்தம் வேற, நான் இவருகிட்ட ஏதோ சொல்றேன் இவரு "ஆ? என்னா?"ன்னு கேக்குறாரு. வளைவுல தண்ணி தெறிச்சு சாரி நனஞ்சு, 1868 மீட்டர் ஒசரத்துல சாயங்காலக் காத்துல நனஞ்ச சாரியோட உக்காந்திருந்தா காதல் வராது, ஜலதோஷம்தான் வரும். பத்து பதினஞ்சு நிமிசத்துல கரைக்குக் கொண்டு வந்து விட்டாச்சு.

ஆனா ஒரு விசயம் சொல்லணும், யாரும் சொல்லாத விசயம். நாலு எடத்துலயும் மூணாவது ஆள் இல்லாத ஒரே போட் அந்த அன்னப் பெடல் போட்தான். பாக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், மூச்சு வாங்கும், காத்து எதிர்த்து அடிச்சா போட் திரும்பவே திரும்பாது, இவருக்கு கெண்டைக்கால் புடிச்சுக்கிட்டு "நீயே மிதி"ன்னுட்டாரு. இருந்தாலும் நடு வாவிக்கு போய் மிதிக்கறத நிப்பாட்டினா பீதுருதாலகால மலைப் பக்கமிருந்து பனி எறங்கி வர்றது தெரியும், பக்கத்துல யாருமில்ல. தனிமைக்கு மார்க் போடறதா இருந்தா மோட்டர் போட்ட விட இதுக்குத்தான் கூட. மத்தியானத்துக்கு மேல மேகம் எறங்கிரும், அதனால நாலு மணிக்கெல்லாம் ஏறிருங்க, வார நாள்ல போங்க, சனி ஞாயிறு வேணாம்.

கண்டி வாவியப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணுமில்ல. 1807ல கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டினது, பாற்கடல்னு பேரு, சுத்தி ஒரு நட நடந்தா மூணு கிலோமீட்டருக்கு கொஞ்சம் கூட. அலை மாதிரி செதுக்கின அந்த மேகச் சுவர தண்ணியில இருந்து பாத்தா ரோட்டுல இருந்து பாக்கறத விட அம்புட்டு அழகு, நடுவுல குட்டித் தீவு. ஆனா டவுனுக்கு நடுவுல கெடக்குற தண்ணிங்க அது. சுத்திவர பஸ் ஹாரன், ஸ்கூல் வேன், போட்லயே வேற குடும்பமும் ஏறும், தனி போட் வேணும்னா முழு போட்டுக்கும் காசு குடுக்கணும். கரையோர மரமெல்லாம் சாயங்காலம் ஆனா நீர்க்காகமும் கொக்குமா வந்து அடையும், அதுக்குக் கீழ குடை இல்லாம நடந்தீங்கன்னா வெடிங் டே சட்ட அம்புட்டுதான். கண்டியில ஜோடிங்க வெயிலடிச்சாலும் குடையோட உக்காந்திருக்கறதுக்கு இது மட்டும் காரணம்னு நான் சொல்ல வரல.

கண்டிக்கு நான் குடுக்கற ஒரே மார்க், போட்ட விட்டு எறங்கி அப்புறம் தலதா மாளிகையில சாயங்காலப் பூசைக்கு மேளம் அடிக்கற நேரத்துக்கு வாவிக்கட்டுல நிக்கலாம், தண்ணி மேல அந்த சத்தம் வரும். அது காசு இல்லாம கெடைக்கறது. சும்மா போட்டுக்காக மட்டும் கண்டிக்கு போகாதீங்க, வேற வேலைக்கு போனா ஏறுங்க.

இப்ப நம்ம காசல்ரிக்கு வருவோம். நோர்வூட் பக்கத்துக்காரி நான், பக்கச்சார்பு இருக்கும், முன்னாடியே சொல்லிட்டேன். கெசல்கமு ஓயாவ மறிச்சு 1965ல கட்டின டேம், விமலசுரேந்திர கரண்ட் ஸ்டேசனுக்கு தண்ணி இங்க இருந்துதான். தண்ணி வெரல் வெரலா மலைக்குள்ள பூந்து கெடக்கும், ஒவ்வொரு வெரலுக்கும் ரெண்டு பக்கமும் தேயில தண்ணி ஓரம் வரைக்கும். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கு கிட்ட வர்றது நம்ம நாட்டுல எதுன்னு கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன், ஒடுக்கமா வளஞ்சு வளஞ்சு போகும், வீட்டுக்குப் பதிலா தேயில மலை, அவ்வளவுதான் வித்தியாசம். டிக்கோயா பக்கம் மேட்டுல 1878ல கட்டின வார்லி சேர்ச் தெரியும், கல்லு சேர்ச், சாயங்கால வெயில் பட்டா தனி அழகு. சில நாள் கடல் விமானம் வந்து தண்ணியில எறங்கும், டூரிஸ்ட் பங்களாவுக்கு வர்றவங்க.

எடுத்த ஒடனே டிக்கட் வாங்கி ஏற கிரகரி மாதிரி கவுண்டர் கெடையாது. தங்குற எடத்துல சொல்லி வச்சா ஒழுங்கு பண்ணித் தருவாங்க, இல்லன்னா ஊர்ல போட் வச்சிருக்க ஆள் யாருன்னு கேட்டுப் புடிக்கணும். லைப் ஜாக்கட் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஏறாதீங்க, ஆழம் ரொம்ப, தண்ணி ஐஸ். நாங்க மொத தடவ போனப்ப ஒருத்தரு ஜாக்கட் ஒண்ணுதான் இருக்குன்னாரு, "அக்கா போட்டுக்கட்டும், அண்ணனுக்கு நீச்சல் தெரியும்ல"ன்னு வேற சொன்னாரு, இவருக்கு குளிக்கற பீலிக்கரை தாண்டி தண்ணியே தெரியாது, திரும்பி வந்துட்டோம்.

ரெண்டாவது தடவ வேற ஆள். ஏறி உக்காந்து போட் பத்தடி போகல, அந்த ஐயா என் முகத்த உத்துப் பாத்து, "நீ கீழ் டிவிசன் கணக்கப்புள்ள மக தானே?"ன்னாரு. முடிஞ்சுது. இவரு ஒடனே கைய எடுத்துட்டாரு. அஞ்சு நிமிசம் அப்பாவோட சுகம், அம்மாவோட சீனி வருத்தம், தம்பிக்கு வேல கெடைச்சிச்சான்னு ஒண்ணு விடாம கேட்டுட்டு, ஒரு வளைவுக்குள்ள கொண்டு போய் எஞ்சின ஆப் பண்ணினாரு. அப்புறம் எங்களுக்கு முதுக காட்டி மறுபக்கம் திரும்பி உக்காந்து வெத்தல போட ஆரம்பிச்சாரு. அரை மணித்தியாலம் ஒரு வார்த்த பேசல. மேல மலையில யாரோ நாயக் கூப்பிடற சத்தம், தண்ணி போட்டுல தட்டற சத்தம், அவ்வளவுதான். ப்ளாஸ்க்ல கொண்டு போன ப்ளேன்டிய ஊத்தி ஒரு கப்ல மாத்தி மாத்தி குடிச்சோம். தெரியாத ஊர்ல காசு குடுத்தாலும் அந்த ஐயா மாதிரி திரும்பி உக்கார எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல. என்ன, நாங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அத்தைக்கு விசயம் வந்து சேந்திருச்சு, "போட்ல போனீங்களாமே"ன்னு டீத்தண்ணிய நீட்டிக்கிட்டே கேக்குறாங்க.

காசல்ரியில பாக்க வேண்டியது தண்ணி மட்டம். வறட்சியில கரண்டுக்கு தண்ணி எறக்கிட்டாங்கன்னா கரை பூரா செம்மண்ணும் சேறும், போட் வரைக்கும் செருப்ப கையில புடிச்சுக்கிட்டு நடக்கணும், போட்டோவுக்கும் அழகில்ல. தண்ணி நெறஞ்சிருக்கறது மழைக்காலத்துல, ஆனா மே மாசத்துக்கு மேல தென்மேற்கு மழை நம்ம பக்கம் சாத்துற சாத்துல போட்ல எங்க போறது. ஐப்பசி மழையும் முடிஞ்சு ஜனவரி பெப்ரவரிதான் தோது, தண்ணியும் இருக்கும் வானமும் தொறந்திருக்கும். மார்ச் ஏப்ரல்ல பின்னேரத்துல இடி மின்னல், தண்ணி மேல இருக்காதீங்க.

பக்கத்து டேம் மவுசாகலை ஏன் இல்லன்னு கேப்பீங்க. அது 1969, மஸ்கெலியா ஓயாவ மறிச்சது, தண்ணி அகலம், சிவனொளிபாதமலை நேரா தெரியும், சீசன்ல ராத்திரி மலை மேல லைட்டு மால மாதிரி ஏறிப் போறது அந்தப் பக்கம் இருந்துதான் பாக்கணும். ஆனா பழைய மஸ்கெலியா டவுனே அந்தத் தண்ணிக்கு அடியிலதான் கெடக்கு. தண்ணி வத்துனா கோயில், பன்சல (புத்த கோயில்), பள்ளிவாசல் எல்லாம் வெளிய தெரியும். எங்க அம்மாச்சி அந்த டவுன்ல நடந்தவங்க. "சாமி கும்புட்ட எடத்துக்கு மேல போய் நீங்க என்னத்த கொஞ்சிக்குவீங்க"ன்னு ஒரு தரம் கேட்டாங்க, அதுக்கப்புறம் எனக்கு அங்க போட் ஏற மனசு வரல. உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லன்னா தாராளமா போங்க.

கடைசியா நீர்கொழும்பு, நெசமான கால்வாய் வேணும்கறவங்களுக்கு. அட்டன்ல இருந்து பஸ்ல போனா பாதி நாள் போயிரும், ராத்திரி தங்கித்தான் ஆகணும். ஊர்ல எல்லாரும் டச்சு கால்வாய்னுதான் சொல்வாங்க, ஒல்லாந்தர், அந்த ஆம்ஸ்டர்டாம் நாட்டுக்காரங்கதான், இந்தக் கரையோரம் கால்வாய் வெட்டி கறுவாவ போட்ல ஏத்தினது உண்மதான், ஆனா களனிப் பக்கம் இருந்து நீர்கொழும்பு களப்பு வரைக்கும் வர்ற ஹமில்டன் கால்வாய் 1802ல இருந்து 1804க்குள்ள வெள்ளக்காரன் வெட்டினது, 14.5 கிலோமீட்டர். ஆக இவரு அனுப்பின வீடியோவுக்கும் இதுக்கும் சொந்தம் இருக்கு, ஆனா நேரடி சொந்தம் இல்ல, ஒண்ணுவிட்ட சொந்தம்.

கூரை போட்ட போட், மெதுவா போகும், மேல மலையே இல்லாததால வெளிச்சம் கடைசி வரைக்கும் நிக்கும், வானம் அம்புட்டு பெருசு. உடும்பு மாதிரி பெரிய கபரகொய்யா ஒண்ணு கரையில இருந்து தொபுக்குன்னு தண்ணிக்குள்ள குதிச்சுச்சு, நான் கத்தின கத்துல இவரு சிரிச்சு முடிக்கவே பத்து நிமிசம். மீன்கொத்தி, தென்னமரம், வீட்டுக் கொல்லப்புறத்துல துணி காயப்போடறவங்க, புள்ளைங்க கை காட்டுதுங்க. சில எடத்துல குப்ப, நாத்தம், அத மறைச்சு எழுதினா பாவம். நுளம்பு தின்னுரும், காலுக்கு எண்ணெய தடவிக்கிட்டுப் போங்க. வெக்கைய சொல்லவே வேணாம், குளிர்ல வளந்த ஒடம்புக்கு வேர்த்து ஊத்தும், ஒட்டி உக்காரவே முடியாது.

அங்க கடற்கரை ஊருங்கள்ல தமிழ் பேசற மீனவக் குடும்பங்க இருக்காங்க, எங்க போட்காரரும் தமிழ் பேசினாரு, நம்ம தமிழக் கேட்டுட்டு "மலையா?"ன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. அப்பா யாருன்னு தெரியாது, டிவிசன் தெரியாது, வீட்டுக்கு விசயம் போகாது. கல்யாணமாகி ஒரு வருசத்துக்குள்ள இருக்கறவங்க, வீட்டுக்குத் தெரியாம லவ் பண்றவங்க, உங்களுக்கு நீர்கொழும்புதான், யோசிக்கவே வேணாம். களப்பு தொறக்கற எடத்துல பொழுது சாயறது பாக்கற மாதிரி நேரத்த பேசிக்கோங்க, ரேட் தலைக்கா போட்டுக்கான்னு ஏற முன்ன கேட்டுக்கோங்க, எறங்கும்போது கேட்டா சண்டதான் வரும்.

கொழும்பு பேர வாவியிலயும் அன்ன போட் இருக்கே, தாமரைக் கோபுரம் லைட்டோட தெரியுமேன்னு இவரு சொன்னாரு. அவரு தெனம் பஸ்ல தாண்டிப் போற தண்ணி அது. வேல எடத்துக்குப் பக்கத்துல வெடிங் டேயா?

ஏழு வருசம் ஆன எங்களுக்கு காசல்ரிதான். வர்ற பெப்ரவரிக்கு அந்த ஐயாகிட்டயே சொல்லி வச்சிருக்கேன், அத்தைகிட்டயும் நானே முன்கூட்டி சொல்லிட்டேன். "சால்வைய எடுத்துட்டுப் போ, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்"னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு அடுப்படியில இருந்து, "அந்த போட்ல எத்தன பேரு ஏறலாம்?"ன்னு ஒரு கேள்வி.