கெம்போஜா வாங்கப் போகிறீர்களா? முதலில் இலையைப் பாருங்கள்

பினாங்குச் செடிக்கடைகளில் கெம்போஜா கேட்டால் பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றைக் காட்டுவார்கள்: ரூப்ரா, ஒப்டுசா, புடிகா. மூன்றும் புளுமேரியா பேரினம்தான். தமிழ்நாட்டுப் பக்கம் ஈழத்தலரி என்பார்கள். நாம் பூவைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறோம். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய தெரஸ் வீட்டில் பிறகு தொல்லை தருவது இலைதான்.

இலை நுனி கூராக இருந்தால் ரூப்ரா. நுனி மழுங்கி, கரும்பச்சையில் பளபளத்தால் ஒப்டுசா. நுனிப்பக்கம் அகன்று, படமெடுத்த பாம்பு போல் இருந்தால் புடிகா. பூக்காத கன்றைக்கூட இதை வைத்தே பிரித்துவிடலாம்.

நிறம் வேண்டுமென்றால் ரூப்ராதான். சிவப்பு, ரோஸ், மஞ்சள், மூன்றும் கலந்தது என்று எல்லாம் உண்டு. இரவில் வாசம் இன்னும் தூக்கும். அந்த வாசத்தில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது: பூவில் ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாது. தேன் கிடைக்கும் என்று நம்பி வரும் அந்துப்பூச்சி பூப்பூவாகத் தேடி அலைய, மகரந்தச் சேர்க்கை இலவசமாக நடந்துவிடுகிறது.

ஆனால் ஜனவரி வாக்கில் இங்கே மழை குறைந்ததும் ரூப்ரா இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். துருநோய் வேறு. இலையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள்தூள் தூவியது போல் ஆரஞ்சுப் பொடி, விரலில் ஒட்டும். கொட்டிய இலை லோங்காங்கை, அதாவது வீட்டோரச் சாக்கடையை, அடைத்தால் தண்ணீர் தேங்கும், அப்புறம் ஏடிஸ் கொசு.

ஒப்டுசா அப்படி மொத்தமாக மொட்டையாவதில்லை. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், வாசத்திலும் குறைவில்லை. ஹோட்டல் நீச்சல்குளத்து ஓரங்களில் நிற்பது பெரும்பாலும் இதுதான். கிளையை நன்றாக விரிக்கும் என்பதால் தரையும் இடமும் வேண்டும். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி வைத்தால் தினமும் காரைத் துடைக்க வேண்டியதுதான்.

புடிகா ஒல்லியாக நேரே வளரும். பெரிய தொட்டி போதும், வேலி போலவும் வரிசையாக நடலாம். நல்ல வெயிலில் கொத்துக் கொத்தாக வெள்ளையாகப் பூக்கும். வாசம்தான் கிட்டத்தட்ட இல்லை. எனக்கு அது பெரிய குறை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொரு பஞ்சாயத்தும் வரும். மலாய்க்காரர்களின் அடக்கத்தலங்களில் நிற்கும் மரம், ராத்திரியில் இந்த வாசம் வந்தால் பொந்தியானாக் என்ற பெண் பேய் வருகிறது, வீட்டில் வைக்கக்கூடாது என்பார்கள். பாலித்தீவில் இந்துக்கள் இதே பூவை வைத்துத்தான் சாமி கும்பிடுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். எடுபடாவிட்டால் வாசமில்லாத புடிகாவில் சமாதானம் ஆகலாம்.

என்னைக் கேட்டால், பக்கவாட்டில் நிலமுள்ள கோர்னர் லாட் மூலைவீட்டுக்கு ஒப்டுசா, வரிசையின் நடுவில் இருக்கும் வீட்டுக்குப் புடிகா. ரூப்ரா, பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பக்கம் விசாலமான மண்தரை வைத்திருப்பவர்களுக்கு.

கிளை ஒடித்தும் வளர்க்கலாம். வெட்டிய இடத்தில் வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் நிழலில் காயவைத்து, மணல் கலந்த மண்ணில் நட்டு, துளிர்க்கும்வரை தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அடி அழுகிவிடும். ரூப்ராவை மட்டும் பூத்திருக்கும்போதே வாங்குவது நல்லது. விதையில் வந்த கன்று தாய்மரத்தின் நிறத்திலேயே பூக்கும் என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது.