செயின்ட் பால் பேராலயம், லண்டன்: டிக்கெட் காசு தகுமா?

டிக்கெட் விலை அதிகம்தான். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு ஓடுகிறவர்களுக்கு அது தண்டச் செலவு. மூன்று மணி நேரம் ஒதுக்கினால் தகும். இணையத்தில் முன்பதிவு செய்தால் கொஞ்சம் குறையும். ஞாயிறு வழிபாடு மட்டும்தான், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பெரிய பெட்டிகளோடு போனால் வாசலோடு சரி.

கால் தெம்பாக இருக்கும்போதே மேலே ஏறிவிடுங்கள். குவிமாடத்தின் உள்விளிம்பைச் சுற்றி ஓடும் கிசுகிசுப்பு மாடம் (Whispering Gallery) வரை 257 படி. அகலமானவை, உயரம் குறைவு, அவ்வளவாக மூச்சு வாங்காது. 376-ஆவது படியில் கல் மாடம், வெளிக்காற்று. அங்கிருந்து உச்சிக்கு மீதி 152 படிதான் சோதனை: இரும்புச் சுழல்படி, குனிந்தால் கீழே தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் கல் மாடத்தோடு நிற்கலாம்; ஊரைப் பார்க்க அதுவே போதும். மாடங்களுக்கு லிஃப்ட் கிடையாது. எந்த மாடம் திறந்திருக்கிறது என்று டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கட்டடக்கலைக்காக வருகிறவர் அந்த இரும்புப் படியை விடக்கூடாது. உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் குவிமாடம் வேறு, தெருவிலிருந்து தெரியும் குவிமாடம் வேறு. ஊருக்கெல்லாம் தெரியும் உயரத்தில் ஒரே குவிமாடம் கட்டியிருந்தால், உள்ளே நிற்பவருக்கு அது கவிழ்த்த கிணறு மாதிரி இருண்டிருக்கும். அதனால் இந்த ஆலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் இரண்டு கட்டினார். நடுவே ஒரு செங்கல் கூம்பை ஒளித்துவைத்தார். உச்சியிலுள்ள கல் கூண்டின் சுமார் 850 டன் பாரத்தைச் சுமப்பது அந்தக் கூம்புதான். வெளிக் குவிமாடம் மரச்சட்டமும் ஈயத்தகடும், அவ்வளவே. படியேறும்போது அந்தச் செங்கல்லை ஒட்டித்தான் போகிறீர்கள்.

கீழே இறங்கினால் போர்வீரர் சிலைகள் வரிசைகட்டி நிற்கும். பலவும் ஒரே அச்சு. நேரத்தை ஜான் டன்னிடம் செலவிடுங்கள். 1631-ல் இறந்த கவிஞர், பிணத்துணி சுற்றி, கலசத்தின் மேல் நிற்கிறார். 1666 லண்டன் பெருந்தீயில் பழைய ஆலயம் அழிந்தபோது ஏறக்குறைய முழுசாகத் தப்பிய சிலை இது. கலசத்தில் கருகிய தழும்பு இன்னும் இருக்கிறது. தமிழர் தேட வேண்டிய இன்னொருவர் பிஷப் ஹீபர்: 1826-ல் திருச்சிராப்பள்ளியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர். இங்கே சிற்பி சான்ட்ரி செதுக்கிய முழந்தாளிட்ட உருவம் உண்டு.

நிலவறையில், குவிமாடத்துக்கு நேர் கீழே, கடற்படைத் தளபதி நெல்சனின் கல்லறை. அந்தக் கறுப்புக் கல்பெட்டி முதலில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சிக்காகச் செய்தது. ரென்னின் கல்லறையைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தென்கிழக்கு மூலையில் அலங்காரமில்லாத ஒரு பலகைக் கல். மேலே சுவரில் லத்தீன் வரி, ‘நினைவுச்சின்னம் தேடினால் சுற்றிலும் பார்’ என்று.

கழிப்பறையும் காபிக் கடையும் நிலவறையில்தான். படியேறத் தொடங்கிய பிறகு நடுவில் எதுவும் கிடையாது. குழந்தைகளோடு வந்தால் முதலில் ஒருமுறை கீழே போய்வந்துவிடுங்கள்.