வெட்டா, தையலா, ஒட்டா: மூக்கு நுனிக்கு எது தோது?

என் அக்கா மகளுக்கு அவள் அப்பாருவின் மூக்கு. நுனி உருண்டு திரண்டிருக்கும். சிரித்தால் கீழே இறங்கும். வரன் பார்க்க ஆரம்பிப்பதற்குள் ஆபரேஷன் செய்து சரி பண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தாய்மாமன் முறைக்குத் துணையாக நானும் கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். பார்த்தது இரண்டு டாக்டர்களை. இருவரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

மூக்கு நுனியில் எலும்பு கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக வில் போல வளைந்த குருத்தெலும்புதான் அதன் வடிவம். சர்ஜன்கள் இதை முக்காலி என்பார்கள். இரண்டு பக்கமும் இரண்டு கால். துளைகளுக்கு நடுவே உள்ள தூணில் இரண்டு வில்லின் உள்பக்க நுனியும் ஒட்டி மூன்றாவது கால். பக்கக் கால்களைக் குறைத்தால் நுனி மேலே தூக்கும், நடுக்காலைக் குறைத்தால் தொங்கும். இந்த முக்காலியை என்ன செய்வது என்பதில்தான் சண்டையே. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஒன்று வெட்டு, இல்லை தையல், இல்லை ஒட்டு.

வெட்டு பழைய வழி. பக்கக் குருத்தெலும்பின் மேல் விளிம்பை நறுக்கிவிடுவது. வேலை சீக்கிரம் முடியும், நுனியும் உடனே மெலிந்து தெரியும். ஆனால் மிச்சம் விடும் பட்டை 6, 7 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் வருடங்கள் கழித்து மூக்கின் பக்கச் சுவர் உள்ளே ஒடுங்கும், கிள்ளி வைத்தது போலாகும், மூச்சிழுத்தால் துளை மூடிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அப்படித்தான் இருக்கிறார். எந்த ஊரில் செய்தது என்பதெல்லாம் வேண்டாம். முதல் வருஷம் போட்டோ எடுத்துக் காட்டியவர், இப்போது ராத்திரி வாயால் மூச்சு விடுகிறார்.

நம்மூரில் நிறையப் பேருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தோல் தடிமன், உள்ளே குருத்தெலும்பு மெலிசு. பந்தல் காலை அறுத்துவிட்டால் மேலே கிடக்கும் தார்ப்பாய் சுருங்குமா? தொளதொளவென்று தொங்கும். மூக்கிலும் அதே கதைதான். உள்ளே காலியான இடத்தில் தழும்புச் சதை வளர்ந்து, நுனிக்கு மேலே கிளிமூக்கு மாதிரி புடைத்துவிடும்.

தையல் எதையும் எடுப்பதில்லை. வளைவை நூலால் இழுத்துக் கூர்மையாக்குவார்கள், இரண்டு வில்லையும் நெருக்கிக் கட்டுவார்கள். பிடிக்காவிட்டால் மேஜையிலேயே பிரித்துத் திரும்பப் போடலாம். தோல் மெலிசாகவும் குருத்தெலும்பு ஓரளவு உறுதியாகவும் இருப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். கெட்டித் தோலில் மட்டும் நூல் வேலை வெளியே தெரியாமல் போய்விடும்.

ஒட்டு என்றால் மூக்கின் நடுத்தடுப்பிலிருந்தோ காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து முட்டுக்கொடுப்பது. தூணுக்குள் ஒரு சிம்பு, அதாவது குச்சி போல நறுக்கிய குருத்தெலும்பு, வைக்கலாம்; நடுத்தடுப்பையே முன்னால் நீட்டி அதில் நுனியைக் கட்டலாம். இரண்டாவதுதான் அசையாமல் நிற்கும். அதனாலேயே நுனி விறைத்துப் போகும், முத்தம் கொடுக்கப் போனால் தெரியும் என்று டாக்டரே சிரித்தார். தோல் மெலிசானவர்களுக்கு நுனிமேல் ஒட்டு வைத்தால் ஓரம் துருத்தித் தெரியும். தடித்த தோலுக்கோ உள்ளிருந்து தள்ளிக்கொடுக்க இது இல்லாமல் கதையாகாது.

கத்தி வேண்டாம், தோலுக்கடியில் ஜெல் ஏற்றும் ஃபில்லர் ஊசி போதும் என்பவர்களுக்கு ஒரே வரி: மருந்து ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் கருகும், கண் பார்வையே போகவும் கூடும்.

“உனக்குத் தோல் கெட்டி கண்ணு. உள்ளே நறுக்கினா வெளிய ஒண்ணும் தெரியாது” என்ற இரண்டாவது டாக்டரிடமே செய்தோம். சிம்பு வைத்து, மேலே தையல். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். அதற்கு வீட்டில் நடந்த ரகளை தனிக் கதை. நுனி வீக்கம் வடிய ஒரு வருஷம், கெட்டித் தோலுக்கு அதற்கு மேலும் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், மூன்றாம் மாதம் கண்ணாடி முன் அழுதவளைச் சமாதானப்படுத்த முடிந்தது.

திருப்தியை அளக்கவும் ஒரு தாள் இருக்கிறது. 2000இல் வந்தது, ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நிரப்புவார்கள். இதில் மூக்கு பிடித்திருக்கிறதா என்பதோடு மூச்சு நன்றாக வருகிறதா என்றும் கேட்பதால், மெலிந்த நுனியை மட்டும் காட்டி மார்க் வாங்க முடியாது. வெட்டு வழிக்காரர்கள் இதை முதல் வருஷத்தோடு நிறுத்தாமல் பத்தாம் வருஷமும் கேட்டால் தேவலை.

வருஷம் முடிந்து போன மாதம் இவள் நிரப்பினாள். பிடித்திருக்கிறதா, 4. மூச்சு, 4. மூன்றாவது, சொந்தபந்தங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“மாமா, ஆத்தா என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘ஏங்கண்ணு, உங்கப்பாரு மூக்க எங்க போட்டுட்டு வந்தே’ன்னு கேக்குது.”

2 போட்டாள்.