இரு கரைகளிலிருந்து வலெட்டா: ஒளிப்பட நடை ஒன்றின் மதிப்பீடு

மால்டாவின் தலைநகரான வலெட்டாவில், ஒளிப்பட ஆர்வலர்களைச் சிறு குழுவாக அழைத்துச் செல்லும் வழிகாட்டி நடை ஒன்றில் நவம்பர் முதல் வாரத்தில் கலந்துகொண்டேன். விடியற்காலையில் மூன்று மணி நேரம், அதே நாள் மாலையில் மூன்று மணி நேரம் என இரண்டு அமர்வுகள். இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தால் ஒருவருக்கு 140 யூரோ. ஒரே ஒரு நாள் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறு நிறுவனத்தின் பெயரை இழுப்பது முறையன்று என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். காலை அமர்வு கொடுத்த பணத்துக்கு மேலாகவே தந்தது. மாலை அமர்வை நானே தனியாகப் போய்ச் செய்திருக்கலாம் என்பது என் முடிவு. அதற்கான காரணங்கள் அந்த நகரம் அமைந்திருக்கும் விதத்தோடு பின்னிக் கிடப்பதால் அதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆட்டோமன் துருக்கியர் 1565ஆம் ஆண்டில் நடத்திய பெரும் முற்றுகையைத் தாக்குப்பிடித்த, அப்போது மால்டாவை ஆண்ட கிறித்தவப் படைச்சபையான புனித யோவான் அமைப்பின் வீரர்கள், அடுத்த ஆண்டே அடிக்கல் நாட்டி எழுப்பிய கோட்டை நகரம் வலெட்டா. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கடலுக்குள் நீளும் ஒரு பாறை முனையின் மேல் அது அமர்ந்திருக்கிறது. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாது. ஒரு பக்கம் பெருந்துறைமுகம், மறுபக்கம் மார்சம்ஷெட் துறைமுகம். தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக ஓடுகின்றன. இருபுறமும் உயர்ந்த கல் வீடுகள். ஆகவே நகருக்குள் நிற்பவருக்குத் தெரு தெரியும், தெருமுனையில் ஒரு கீற்றுக் கடல் தெரியும், நகரம் மட்டும் தெரியாது. வருவோரில் பெரும்பாலோர் பெருந்துறைமுகத்தைப் பார்த்திருக்கும் மேல் பராக்கா தோட்டத்து வளைவுகளின் அடியில் நின்று படமெடுத்துத் திரும்புகிறார்கள். அங்கிருந்து கிடைப்பது எதிர்க்கரையில் இருக்கும் பிர்கு, செங்லியா, போர்ம்லா என்னும் மூன்று நகரங்களின் படமே தவிர வலெட்டாவின் படம் அன்று. எங்கள் வழிகாட்டி முதல் ஐந்து நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்: காலையில் ஒரு கரைக்கும் மாலையில் மறு கரைக்கும் போய், தண்ணீருக்கு அப்பால் நின்றுதான் இந்த நகரைப் பார்க்க வேண்டும் என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பாதிக் கட்டணத்தை மனமுவந்து கொடுக்கலாம்.

காலை அமர்வுக்கு 5.40 மணிக்குச் செங்லியா முனையின் கரையோர நடைபாதையில் கூடினோம். அந்த வாரத்தில் சூரிய உதயம் ஏறத்தாழ 6.20 மணிக்கு. வலெட்டாவைப் பார்த்து நிற்கும்போது நாம் வடமேற்கு நோக்கி நிற்கிறோம். நவம்பர்ச் சூரியன் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, நமக்குப் பின்னால் வலது தோள் பக்கத்தில் எழுகிறது. எனவே எதிரே உள்ள கொத்தளங்களின் முகம் முழுவதும் முதல் ஒளியை நேராக வாங்கிக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் இதே இடத்தில் சூரியன் வெகுவாக வடக்கே தள்ளி உதிப்பதால் ஒளி சுவர்களை உரசிக்கொண்டு போகும், கல்லின் மடிப்புகள் எல்லாம் நிழலோடு எழும்பித் தெரியும் என்று வழிகாட்டி விளக்கினார். எது சிறந்தது என்று அவர் சொல்லவில்லை. எதை எதிர்பார்த்து வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். பயண ஏற்பாட்டாளர்களிடம் அரிதாகவே காணக்கூடிய நேர்மை இது.

அங்கே எல்லாமே ஒரே கல்தான். குளோபிஜெரினா என்னும் மென்மையான சுண்ணாம்புக் கல். புதிதாக வெட்டும்போது வெளிறியும், வெயிலும் உப்புக் காற்றும் பட்டுப் பழுக்கும்போது தேன் நிறமாகவும் இருக்கும். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) இந்தத் தேன் நிறத்தை ஒரு பிழையாகக் கருதித் திருத்திவிடுகிறது; விளைவாகச் சுவர்கள் சாம்பல் பூத்துப் போகின்றன. அதை 5,200 கெல்வின் அளவில் கையால் நிறுத்திவைத்துக்கொண்டு, விடியல் முழுவதும் அதை மாற்றாமல் எடுக்கச் சொன்னார். உதயத்துக்கு முந்திய நீலமும் பிந்திய பொன்னும் தம் இயல்பான வேறுபாட்டோடு பதிவாயின. பத்து ஆண்டுகளாகக் கேமரா திருத்தாத ரா கோப்புகளில் எடுத்துவிட்டு, நிறத்தைப் பிறகு கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த எனக்கு, களத்திலேயே சரியான நிறத்தைத் திரையில் பார்த்தபோதுதான் எப்போது நிறுத்தி எப்போது அழுத்த வேண்டும் என்பதே பிடிபட்டது.

நீரைப் பற்றிய பாடமும் நன்றாக இருந்தது. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறிது. மால்டாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு சாண் வேறுபாடுகூட இருக்காது. ஆகவே பெருங்கடல் ஓரங்களில் பழகியவர்கள் செய்வதுபோல் ஓத அட்டவணையைப் பார்த்துப் பாறைகள் வெளிப்படும் நேரத்தைக் கணக்கிடுவதில் இங்கே பொருளில்லை. காற்றைத்தான் பார்க்க வேண்டும். வடமேற்கிலிருந்து வீசும் மஜ்ஜிஸ்ட்ரால் வானத்தைத் துடைத்துவிட்டுப் போகும். வடகிழக்கிலிருந்து வரும் கிரிகால் துறைமுக வாய்க்குள் அலையைத் தள்ளும். தென்கிழக்கின் ஷ்லோக் வட ஆப்பிரிக்கத் தூசியைச் சுமந்து வந்து தொலைவை எல்லாம் மங்கலாக்கும். நல்லவேளையாக, ஷ்லோக் வீசியது நாங்கள் போன நாளுக்கு முந்தைய நாள். மழை பெய்தால் வேறு நாள் தருவோம், மங்கலுக்குத் தர மாட்டோம் என்பது அவர்களின் விதி. ஒளிப்படத்துக்கென்றே நடத்தப்படும் ஒரு நடையில், மழையைவிட மங்கலே பெரிய பகை என்பதை விதி எழுதியவர் யோசித்திருக்க வேண்டும். மழை நின்ற பிறகு ஈரக்கல் தருகிற பளபளப்புக்கு நான் தனியாகவே பணம் கொடுப்பேன்.

கரையோரம் கட்டப்பட்டிருந்த, டைசா எனப்படும் மால்டாவின் மரபுப் படகுகளை முன்னணியில் வைத்து, ஒளியைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்.டி. ஃபில்டரோடு ஷட்டரை முப்பது விநாடி திறந்துவைத்தேன். சுவர்கள் கூர்மையாகவும் நீர் கண்ணாடியாகவும் வந்தன; படகுகள் மட்டும் பேய்போல் இரட்டையாகத் தெரிந்தன. மிதப்பது அசையும் என்பதை மறந்துவிட்டிருந்தேன். வழிகாட்டி சிரிக்காமல், ஒரே முக்காலி நிலையில் படகுக்காக ஒரு குறுகிய நேரப் படமும் நீருக்காக ஒரு நீண்ட நேரப் படமும் எடுத்துப் பின்னர் இணைக்கும்படி காட்டினார். இதற்கிடையில் கைப்பேசி மட்டும் கொண்டுவந்திருந்த ஓர் இளம்பெண், எந்த ஃபில்டரும் இல்லாமல், முனையின் காவற்கூண்டில் செதுக்கப்பட்டுள்ள கண்ணும் காதும் ஒரு பக்கம், எதிரே ஒளிரும் நகரம் மறுபக்கம் என்று ஒரு படம் எடுத்திருந்தார். அன்றைய காலையின் சிறந்த படம் அதுதான் என்பதில் எங்கள் யாருக்கும் ஐயமில்லை.

பிறகு மூன்று நகரங்களின் படகில் பெருந்துறைமுகத்தைக் கடந்தோம். புனித ஆஞ்சலோ கோட்டை பின்வாங்க, வலெட்டாவின் சுவர்கள் தலைக்கு மேல் எழும்பி வரும் அந்தச் சில நிமிடங்களுக்கு அகல லென்ஸை முன்கூட்டியே மாட்டிவைக்கச் சொல்லியிருந்தார்கள், சொல்லாதிருந்தால் தவறவிட்டிருப்பேன். கரையிலிருந்து 58 மீட்டர் உயரும் மின்தூக்கியில் ஏறி மேல் பராக்காவில் அமர்வு முடிந்தது. கீழ்த்தளத்துப் பீரங்கிகள் நண்பகலிலும் மாலை 4 மணிக்கும் வெடிக்கும். வெடிக்கும் கணத்தின் புகையைப் படமெடுக்க விரும்புவோர் அமர்வு முடிந்த பின் தாமே வந்து இடம் பிடிக்க வேண்டியதுதான்.

மாலை அமர்வு தவறான வரிசையில் தொடங்கியது. 3.30 மணிக்கு நகருக்குள் கூடி, கல்லரீயா எனப்படும் வண்ண மர மாடங்கள் தொங்கும் தெருக்களில் நடந்தோம். அவை அழகியவை, ஐயமில்லை. ஆனால் அந்தக் குறுகிய தெருக்களுக்குள் நவம்பர் மாலையில் வெயில் இறங்குவதே இல்லை. அந்த மாடங்களை நண்பகலின் நிழலில் எடுத்தாலும் அதே படம்தான் கிடைத்திருக்கும். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டு, மார்சம்ஷெட் துறைமுகத்தின் எதிர்க்கரையான ஸ்லீமாவுக்குச் செல்லும் படகுத்துறைக்கு இறங்கியபோது வரிசை நீண்டிருந்தது. ஒரு படகு எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. அக்கரையிலுள்ள டிக்னே முனையை அடைந்தபோது 5.10. சூரியன் மறைந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன.

எதை இழந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். டிக்னே முனையில் நின்று வலெட்டாவைப் பார்த்தால் நாம் தென்கிழக்கு நோக்குகிறோம். நவம்பரில் சூரியன் மேற்குக்குச் சற்றுத் தெற்கே இறங்குவதால், கடைசி முக்கால் மணி நேர ஒளி வலப்புறத்திலிருந்து சாய்வாக வந்து கார்மேல் தேவாலயத்தின் பெரிய முட்டை வடிவக் குவிமாடத்தின் ஒரு பாதியைப் பொன்னாக்கி மறுபாதியை நிழலில் விடும். அதன் அருகே ஆங்கிலிக்கத் தேவாலயத்தின் கூரிய கோபுரம் ஒரு கோடாக எழும். குவிமாடத்துக்குத் திரட்சி கிடைப்பது அந்த ஒளியில் மட்டுமே. மறுநாள் தனியாகப் போய் 4.15 மணிக்கே முனையில் நின்றேன். 70–200 மி.மீ. நீண்ட லென்ஸோடு நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தபோது குவிமாடத்துக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட வெளி கூடிக் குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பிடித்த இடைவெளியைத் தேடிப் பிடிக்க மட்டும் இருபது நிமிடம் ஆயிற்று. ஒன்பது பேர் கொண்ட குழுவில் அந்த இருபது நிமிடம் யாருக்கும் கிடைத்திருக்காது. ஆறு பேருக்கு மேல் இல்லை என்றுதான் பதிவின்போது சொல்லியிருந்தார்கள் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

நீல வேளை கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன். சூரியன் மறைந்த பின் ஏறத்தாழ 25 நிமிடம் வானில் நிறம் இருக்கிறது. கொத்தளங்களின் விளக்குகள் எரியத் தொடங்கி, வானின் நீலமும் கல்லின் மஞ்சளும் ஒரே எடைக்கு வரும் நேரம் அதற்குள் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். நான் வாடகைக்கு எடுத்திருந்த முக்காலியின் ஒரு கால் பூட்டு தேய்ந்திருந்ததால், அந்தப் பத்து நிமிடத்தில் பாதியை அதைப் பிடித்துக்கொண்டே கழித்தேன். வாடகை 12 யூரோ. திருப்பிக் கேட்டபோது தயங்காமல் தந்தார்கள். பிறகு, இருட்டிய வானத்தின் கீழ் விளக்குகள் வெளுத்துத் தெரியும் நேரத்தில் ஒரு காபிக்கடையில் உட்கார வைத்து, மீதி நேரத்தைக் கேமரா திரைகளைப் பார்த்துப் பேசுவதில் நிரப்பினார்கள். முன்பு மாடங்களுக்குக் கொடுத்த நேரமும் பின்பு காபிக்குக் கொடுத்த நேரமும் சேர்ந்தால் டிக்னேயின் பொன்னொளி முழுவதையும் வாங்கியிருக்கலாம்.

கரையோரம் என்று விளம்பரத்தில் இருந்தாலும், அலை மோதும் கரைக்கு அவர்கள் அழைத்துச் செல்வதில்லை. புனித எல்மோ கோட்டையின் கீழே மீனவர்களின் படகுக் கொட்டில்களும் வெட்டுப்பாறைகளும் உள்ள கரையும், 1941இல் தாக்குதலில் தகர்ந்து 2012இல் புதிதாக அமைக்கப்பட்ட, துறைமுக வாயிலின் அலைதாங்கிச் சுவருக்குச் செல்லும் பாலமும் நகரின் மிக முரட்டுத்தனமான படங்களைத் தரக்கூடியவை. பாறையில் நீர்மட்டத்தை ஒட்டிப் பச்சையாகப் படரும் பாசி எண்ணெய்போல் வழுக்கும் என்பதால் குழுவாகக் கூட்டிப்போக அஞ்சுவது புரிகிறது. தனியாகப் போனபோது நான் அந்தப் பச்சைப் பட்டைக்கு மேலேயே நின்றுகொண்டு நீண்ட லென்ஸால் எடுத்தேன். கிரிகால் வீசும் நாளில் அங்கே போகவே கூடாது.

நாங்கள் அனுப்பும் படங்களுக்கு ஒரு வாரத்துக்குள் வரும் என்ற விமர்சனம் மூன்று வாரம் கழித்து வந்தது. ஆனால் நான் அனுப்பிய பத்துப் படங்களுக்கும் தனித்தனியே எழுதியிருந்தார்கள். ஒரு படத்தில் அடிவானம் அரைப் பாகை சாய்ந்திருப்பதையும், இன்னொன்றில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தின் பாரந்தூக்கியை வெட்டி எறிந்ததால் துறைமுகம் வெறும் அஞ்சலட்டையாகிவிட்டதையும் சுட்டியிருந்தார்கள். இரண்டாவது குறிப்பை நான் முதலில் ஏற்கவில்லை. மூலக் கோப்பைத் திறந்து பாரந்தூக்கியை மீண்டும் சட்டத்துக்குள் கொண்டுவந்து பார்த்தேன். அந்தப் படத்தைத்தான் இப்போது அச்சிட்டு மாட்டியிருக்கிறேன்.

காலை அமர்வை மட்டும் தனியாக 80 யூரோவுக்குத் தருகிறார்கள். அதைப் பதிவு செய்யுங்கள்; முக்காலியை உங்களுடையதாகக் கொண்டுபோங்கள்; குழுவில் எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று மாலை, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்லீமா படகில் ஏறிவிடுங்கள்.