டியுஐ கேஸுக்கு லாயர் வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களுக்காக, முக்கியமாக விசாவில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பி டியுஐயில், அதாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதானான். அவன் செய்தது தப்புதான், அதை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. அவனுக்கு வர வேண்டிய தண்டனை வரட்டும். ஆனால் 4,500 டாலரை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரு சட்ட அலுவலகம், செய்ய வேண்டிய முதல் வேலையையே செய்யாமல் விட்டது. அந்த அநியாயத்தை இன்னொரு குடும்பம் அனுபவிக்கக் கூடாது.

கைதான சில நாட்களிலேயே வீட்டுக்குக் கடிதங்கள் குவிய ஆரம்பித்தன. கைது விவரங்கள் பொதுப் பதிவு என்பதால், அதைப் பார்த்து வக்கீல் அலுவலகங்கள் நேரடியாக எழுதுகின்றன. தம்பி பயத்தில் இருந்தான். ஒரு கடிதத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டான். பேசியவர் வக்கீல் இல்லை, ‘கேஸ் மேனேஜர்’. “முதல் தடவைதானே, மூச்சுப் பரிசோதனையெல்லாம் கோர்ட்டில் நிற்காது, கண்டிப்பாக டிஸ்மிஸ் செய்துவிடலாம், இன்றைக்கே கட்டினால் ஃபீஸில் குறைத்துத் தருகிறோம்” என்றார். இப்படி முடிவுக்கு உத்தரவாதம் கொடுப்பது கலிபோர்னியாவின் வக்கீல் ஒழுங்கு விதிகளுக்கே எதிரானது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் போனை வைத்துவிடலாம் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

இங்கே டியுஐ என்பது ஒரே கேஸ் இல்லை, இரண்டு. கோர்ட்டில் நடப்பது ஒன்று. மாநில வாகனத் துறையான டிஎம்வி உங்கள் லைசென்ஸைத் தனியாக முடக்குவது இன்னொன்று. கைது செய்யும்போதே போலீஸ் உங்கள் கலிபோர்னியா லைசென்ஸை வாங்கிக்கொண்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு காகிதம் கொடுக்கும். அது 30 நாளைக்குத் தற்காலிக லைசென்ஸ், லைசென்ஸ் ரத்துக்கான அறிவிப்பும் அதுவேதான். அந்தக் காகிதம் கைக்கு வந்த 10 நாளுக்குள் டிஎம்வியிடம் ஹியரிங் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் ஹியரிங் முடிவு வரும் வரை ரத்து நிறுத்தி வைக்கப்படும். கேட்காவிட்டால் 30 நாள் முடிந்ததும் லைசென்ஸ் தானாகவே போய்விடும். முதல் முறை, 21 வயதுக்கு மேல் என்றால் 4 மாதம். பரிசோதனைக்கே மறுத்திருந்தால் ஒரு வருடம். கோர்ட்டில் பின்னாடி என்ன பேரம் பேசினாலும் இந்த ரத்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்காது.

தம்பி பணம் கட்டியபோது அந்தப் 10 நாளில் பாதிதான் போயிருந்தது. “டிஎம்வி விஷயத்தையும் நீங்கள்தானே பார்ப்பீர்கள்?” என்று கேட்டு மெயில் போட்டான். “எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்” என்று பதில் வந்தது. ஆனால் அவர்கள் யாரும் டிஎம்வியைக் கூப்பிடவில்லை. டிஎம்வியிலிருந்து ரத்து உறுதியானதாகக் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அலுவலகத்தைக் கேட்டால், ஒப்பந்தத்தில் டிஎம்வி ஹியரிங் ‘தனிச் சேவை’, அதற்குத் தனி ஃபீஸ் என்கிறார்கள். அப்படியென்றால் அந்த மெயிலுக்கு என்ன அர்த்தம்? காலம் கடந்து நாங்களே போட்ட விண்ணப்பத்தை டிஎம்வி ஏற்கவில்லை. வேலைக்கு 40 மைல் ஓட்டிப் போகிறவன் அவன்.

கோர்ட்டிலும் இதே கதைதான். முதல் வாய்தாவுக்கு நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் வந்தார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் கூலிக்கு அனுப்பப்பட்டவர். ஃபைலைத் தாழ்வாரத்தில் நின்றபடிதான் புரட்டினார். அரசுத் தரப்பு தருவதாகச் சொன்னதை ஒத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்றார். டிஸ்மிஸ் என்று சொன்னீர்களே என்றதற்கு, தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். உண்மைதான், சொன்னது மேனேஜர்.

அப்புறம் வேறு வக்கீலிடம் போனோம். அவர் முதல் சந்திப்பில் கேட்டது மூச்சுக் கருவியின் ஆவணங்களை. இந்த மாநில விதிப்படி, ஊதச் சொல்லும் முன் 15 நிமிடம் ஆளை விடாமல் கவனித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சாப்பிடவோ, புகைக்கவோ, வாந்தி எடுக்கவோ கூடாது. வாயில் தங்கிய ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்டிவிடும் என்பதால் இந்த விதி. கருவியின் துல்லியத்தை 10 நாளுக்கு ஒருமுறை அல்லது 150 பேரைச் சோதித்த பிறகு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது சரிபார்த்திருக்க வேண்டும். சட்டம் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்று கேட்பது ஓட்டிக்கொண்டிருந்த நேரத்து அளவை. ஓட்டிய 3 மணி நேரத்துக்குள் எடுத்த அளவு என்றால் அதையே ஓட்டியபோது இருந்த அளவாக எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அதை எதிர்த்து வாதாட இடம் உண்டு. தம்பியின் அளவு எல்லையை ஒட்டியே இருந்தது. இவ்வளவு கேள்விகள் இருக்கும் கேஸில் முதல் அலுவலகம் ஒரு காகிதத்தைக்கூடக் கேட்டு வாங்கவில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது விசா விஷயம். எச்1பி வேலை விசா இருக்கிறதே, பாதிக்குமா என்று தம்பி ஆரம்பத்திலேயே கேட்டான். “மிஸ்டிமீனர்தான் (சிறு குற்றம்), ஒன்றும் ஆகாது” என்றார் மேனேஜர். 2015லிருந்து டியுஐ கைது ஒன்றை மட்டும் வைத்தே, தீர்ப்பு வரும் முன்பே, தூதரகம் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்பை ரத்து செய்யலாம். இங்கே இருக்கும் வரை உங்கள் ஸ்டேட்டஸ், அதாவது இங்கே தங்கும் அனுமதி, அதனால் போகாது. ஆனால் நாட்டை விட்டு வெளியே போனால் புது ஸ்டாம்பிங் இல்லாமல் திரும்ப முடியாது, அதற்கு முன் தூதரகம் சொல்லும் டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனையும் வரும். சித்தி மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருந்த நேரத்தில்தான் விசா ரத்து மெயில் வந்தது. பயணத்தை நிறுத்தினோம். மெயில் ஒரு வாரம் தாமதித்திருந்தால் அவன் அங்கே மாட்டியிருப்பான். நீங்கள் ஒத்துக்கொள்ளும் குற்றம் நாடுகடத்தலுக்கு வழி வைக்குமா என்று எச்சரிப்பது டிஃபென்ஸ் வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல், பாடில்லா வழக்கில் சொல்லிவிட்டது. விசாவில் இருப்பவர்கள் இமிக்ரேஷன் வக்கீலிடமும் பேசாமல் எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேகமாகப் போனதற்கு வரும் டிக்கெட்டுக்கும் இதே மாதிரி அலுவலகங்கள் சில நூறு டாலர் கேட்கின்றன. சாதாரண டிக்கெட் என்றால் நேரில் போகாமல், எழுத்து மூலமாகவே வாதிடும் முறை கலிபோர்னியாவில் இருக்கிறது. டிஆர்-205 என்ற படிவம். அதில் தோற்றால் நேரடி விசாரணையைப் புதிதாகக் கேட்கலாம். பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரிதான், உங்கள் லைசென்ஸ் பதிவில் பாயிண்ட் ஏறும்; டிராஃபிக் ஸ்கூல் போகத் தகுதி இருந்தால் அந்தப் பாயிண்டை இன்ஷூரன்ஸ் கண்ணில் படாமல் மறைக்கலாம்.

பணம் கட்டும் முன் வக்கீலின் பெயரை, வக்கீல்களுக்கு லைசென்ஸ் தரும் அமைப்பான ஸ்டேட் பாரின் தளத்தில் தேடுங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது அங்கேயே தெரியும். டிஎம்வி ஹியரிங் இந்த ஃபீஸில் அடங்குமா, கோர்ட்டுக்கு வரப்போவது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 10 நாளில் பாதி போய்விட்டது, வக்கீல் கிடைக்கவில்லை என்றால் நீங்களே டிஎம்வியைக் கூப்பிட்டு ஹியரிங் கேட்கலாம், அதற்கு வக்கீல் தேவையே இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வக்கீலை எந்த நேரமும் எழுத்தில் நீக்கலாம். உங்கள் ஃபைலைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். செய்யாத வேலைக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மொத்த ஃபீஸ் என்று எழுதியிருந்தாலும் சரி. தர மறுத்தால் ஃபீஸ் ஆர்பிட்ரேஷன், அதாவது ஃபீஸ் தகராறுக்கு நடுவர் விசாரணை கேட்கலாம், வக்கீல் அதற்கு வர மறுக்க முடியாது. நாங்கள் அதற்கு விண்ணப்பித்துவிட்டோம், ஸ்டேட் பாரிலும் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த “எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்” மெயில்தான் இரண்டிலும் எங்கள் முதல் ஆதாரம்.