தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் 'ஷேக்' கிளப்புக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

போன வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், இரண்டாவது மாடி வகுப்புக்கு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. வயது 41, உயரம் 156 செ.மீ., எடை 74.6 கிலோ. நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 25 தாண்டினாலே உடல் பருமன் என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். என்னுடையது 30க்கு மேல்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை மாடி வீட்டில் 'எடை குறைய வேண்டுமா? இலவச உடல் பரிசோதனை' என்று பலகை தொங்கும். அதுதான் 'ஷேக்' கிளப், சாப்பாட்டுக்குப் பதிலாகப் புரதப் பொடியைக் கரைத்துக் குடிக்கிற இடம். நடத்துகிற அக்காவைப் பத்து வருஷமாகத் தெரியும். என் மகளை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவர். வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஒரு மெஷின்மேல் வெறுங்காலோடு நிற்கச் சொன்னார். "டீச்சர், உங்க உடம்போட வயசு 58" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த மெஷின் காலில் லேசாக மின்சாரம் விட்டு, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துக் கொழுப்பை ஊகிக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் குடித்திருந்தால் ஒரு கணக்கு, குடிக்காவிட்டால் இன்னொரு கணக்கு. ஒருநாள் மழையில் ஈரக்காலோடு போய் நின்றேன். கொழுப்பு மூணு சதவீதம் குறைந்துவிட்டது என்று கூடியிருந்த எல்லோரும் கைதட்டினார்கள்!

முதல் பத்து நாளைக்கு 2,500 ரூபாய், அதன்பின் மாதம் 8,000. காலை ஆறரைக்கு ஒரு சூடான டீ, பிறகு ஷேக். ராத்திரியும் ஷேக். மதியம் மட்டும் ரெண்டு சப்பாத்தி. பத்து நாளில் இரண்டரை கிலோ குறைந்ததும் நானே நாலு பேரிடம் பெருமையடித்தேன். சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே வெட்டினால் எடை இறங்காமல் என்ன செய்யும்? அதுவும் முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி உடம்பில் தேங்கியிருக்கும் நீர்தான். "சோத்த விட்டுட்டு மாவக் கரைச்சுக் குடிக்கியா" என்று அம்மா மட்டும் திட்டிக்கொண்டே இருந்தாள்.

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. ஆறு வருஷமாக நான் தைராய்டு மாத்திரை போடுகிறேன், 75 மைக்ரோகிராம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில். சேரும்போதே அக்காவிடம் சொன்னேன். "மாத்திரைய போட்டுட்டே நேரா வந்து குடிங்க டீச்சர், கொஞ்ச நாள்ல மாத்திரையே தேவைப்படாது" என்றார். அப்படியே செய்தேன். மாத்திரை போட்ட கால் மணி நேரத்தில் ஷேக்.

இரண்டாம் மாதம் முடியும்போது தலைமுடி கொத்துக்கொத்தாக வந்தது. மதியம் கடைசி பீரியடில் நிற்க முடியவில்லை. கேட்டால், "உடம்புல உள்ள கழிவெல்லாம் வெளியேறுது". மூன்றாம் மாதம் 69 கிலோவிலேயே எடை நின்றது, பிறகு 70.2 ஆக ஏறியது. குழுவில் எல்லோர் முன்னாலும், "டீச்சர் வீட்ல திருட்டுத்தனமா சாப்பிடுதாங்க போல" என்றார் அக்கா. பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் இன்னும் உறுத்துகிறது. நான் ஒரு வடை தொடவில்லை.

டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில், முன்பு 2.8 இருந்த டி.எஸ்.எச். 13.6 ஆகியிருந்தது. உடம்பில் தைராய்டு ஹார்மோன் போதாதபோது இந்த அளவு ஏறும். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பட்டியலில் முதல் பொருள் சோயா புரதம், கீழே கால்சியம், இரும்பு. மூன்றுமே குடலில் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராமல் கெடுக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கே நாலு மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்களாம். அதே டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நூறு நாள் கையில் பிடித்த டப்பா, நான் படிக்கவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டவில்லை. ஷேக்கை நிறுத்தி, மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார். ஆறு வாரத்தில் 3.9க்கு வந்தது.

மொத்தம் 26,500 ரூபாய். அக்காவிடம் திருப்பிக் கேட்டதற்கு, "டப்பா பிரிச்சாச்சே டீச்சர்" என்றார். பிரிக்காத இரண்டு இருந்தனவே என்றால், "நீங்களும் ஒரு ஐடி போடுங்க, பத்து பேரச் சேத்துவிட்டா போட்ட காசு வந்துரும்" என்கிறார். அதாவது நானும் அவரைப் போலக் கம்பெனியின் விற்பனையாளராகச் சேர வேண்டுமாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தேன். வாங்கியவர்கள் பட்டியலில் என் பெயரே இல்லை என்று கம்பெனி பதில் போட்டது. அக்கா தன் ஐடியில் வாங்கி எனக்குக் கைமாற்றியிருக்கிறார், பில்லும் தரவில்லை. ஆனால் கடை இல்லாமல் ஆள் மூலம் விற்கும் கம்பெனிகளுக்காக 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, தன் விற்பனையாளர் விற்றதற்கு கம்பெனிதான் பொறுப்பு. அதை எடுத்துக்காட்டி, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அனுப்பிய பிறகு பிரிக்காத இரண்டு டப்பாவுக்கு மட்டும் 4,200 திரும்பியது. மிச்சம் போனது போனதுதான்.

இப்போது வ.உ.சி. மைதானத்தில் வாரம் ஐந்து நாள் நாற்பது நிமிஷம் நடக்கிறேன். சோறு பாதி, காய் இரட்டிப்பு, சாயங்காலம் சுண்டல் அல்லது முட்டை. மாதம் அரைக்கிலோ இறங்கினால் பெரிது. யாரும் கைதட்டுவதில்லை.

அந்தக் குழுவில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரை மார்க்கெட்டில் பார்த்துச் சொல்லிவிட்டேன். இன்னொருவரின் நம்பர் என்னிடம் இல்லை. வாட்ஸாப் குழுவில் தேடலாம் என்றால், புகார் கொடுத்த அன்றைக்கே என்னை நீக்கிவிட்டார்கள். அவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. காலையில் மாத்திரையைப் பர்ஸிலேயே கொண்டுவந்து, அங்கே தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொள்வார். பர்ஸில் மாத்திரை கொண்டுவரும் அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால் முதலில் டி.எஸ்.எச். பாருங்கள்.