பனடோலா, போன்ஸ்தானா? புள்ளத்தாச்சி வலிக்கு எது

தம்பி பொண்டாட்டிக்கு ஏழு மாசம், இடுப்பு வலின்னு துடிச்சிட்டு இருந்தா, எங்கம்மா அலமாரியில இருந்து பழைய போன்ஸ்தான் அட்டைய எடுத்து நீட்டுனாங்க, பாசத்துலதான், ஆனா நான் பதறிப்போய் புடுங்கி வச்சிட்டேன். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க வீட்ட மாதிரி நிறைய வீட்டுல இது இருக்கும், மாதவிடாய் வலிக்கோ பல்லு புடுங்குனதுக்கோ வாங்குனதுல மிச்சம்.

போன்ஸ்தான்ல இருக்குறது மெஃபனாமிக் ஆசிட். ஐபுபுரூஃபன், வோல்டரென் எல்லாம் அதே குடும்பம். வலிய உண்டாக்குற புரோஸ்டாகிளாண்டின உடம்புல உருவாக விடாம தடுக்குது, அதனாலதான் வலி கேக்குது, ஆனா வயித்துல இருக்குற புள்ளையோட கிட்னிக்கு ரத்தம் போக அதே சரக்குதான் வேணும். 20 வாரத்துக்கு மேல பனிக்குட தண்ணியில பெரும்பகுதி புள்ள போற மூத்திரம்தான், கிட்னி சோர்ந்தா தண்ணி வத்தும். அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 அக்டோபர்ல இந்த குடும்பத்து மருந்தையெல்லாம் 20 வாரத்துல இருந்தே தவிர்க்கச் சொல்லிருச்சு. 30 வாரம் தாண்டிட்டா இன்னும் மோசம், பொறந்த பிறகு மூட வேண்டிய இதயத்துகிட்ட உள்ள ரத்தக்குழாய் முன்னாடியே மூடிக்கலாம். 20 வாரத்துக்கு முன்னாடியும் டாக்டர் சொல்லாம வேணாம்.

பனடோல், அதாவது பாராசிட்டமால், இதுதான் முதல் தேர்வு. 500 மில்லிகிராம் ஒண்ணு இல்ல ரெண்டு, குறைஞ்சது 4 மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு 8 மாத்திரைக்கு மேல கூடவே கூடாது, வலி நின்னா மாத்திரையும் நிக்கணும். கடையில எடுக்குறப்ப அட்டைய பாருங்க, எக்ஸ்ட்ரான்னு போட்டதுல மாத்திரைக்கு 65 மில்லிகிராம் கஃபீன் இருக்கு, கர்ப்பத்துல ஒரு நாளைக்கு 200 தான் கணக்கு, கோப்பி தே தாரேக் வேற குடிப்போம்ல. சளி மாத்திரை பலதுலயும் பாராசிட்டமால் கலந்திருக்கும், ரெண்டையும் சேத்து முழுங்கிடாதீங்க.

கர்ப்பத்துல பனடோல் போட்டா புள்ளைக்கு ஆட்டிசம் வரும்னு 2025 செப்டம்பர்ல அமெரிக்காவுல கிளப்புனதுல பயந்து காய்ச்சலோடயே படுத்துக்கிட்டவங்க இருக்காங்க. ஸ்வீடன்ல சுமார் 2.5 மில்லியன் பிள்ளைங்கள வச்சு 2024ல வந்த ஆய்வுல, ஒரே வயித்துல பொறந்த பிள்ளைங்கள ஒப்பிட்டப்ப தொடர்பு எதுவும் தெரியல. அடக்காத காய்ச்சல்தான் புள்ளைக்கு ஆபத்து.

ஆஸ்பிரின் வலிக்கு வேணாம். ஆனா ரத்த அழுத்தம் ஏறும்னு கிளினிக்ல சின்ன டோஸ் குடுத்திருந்தா அது வேற விஷயம், பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு நிறுத்திராதீங்க. தைலம், கோயோக்னு வலிக்கு ஒட்டுற பட்டை, இதுலயும் பலதுல மெத்தில் சாலிசிலேட், அது ஆஸ்பிரினுக்கு சொந்தம்தான், பரபரன்னு தினமும் தேய்க்காதீங்க. இடுப்புக்கு சுடுதண்ணி பை, இடது பக்கமா ஒருக்களிச்சு படுத்து கால் நடுவுல தலகாணி, தம்பி பொண்டாட்டிக்கு இதுலயே பாதி கேட்டுச்சு, ராத்திரி ஒரே ஒரு பனடோல்.

தலைவலி மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. 20 வாரத்துக்கு மேல விடாத தலைவலி, கண்ணு மங்குது, மூஞ்சி வீங்குது, மேல் வயிறு வலிக்குதுன்னா எந்த மாத்திரையும் தேடாம பிங்க் புக்க, அதான் கிளினிக்ல குடுத்த கர்ப்ப பதிவு புத்தகத்த, தூக்கிட்டு அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க.